தங்கைக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கிறது, மறுபடி கபடி ஆட முடியுமா?

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 19 வயது. கல்லூரி கபடி அணியில் ரெய்டர். போன மாதம் பக்கத்து ஊர்த் திருவிழாப் போட்டியில் ரெய்டு போனபோது கார்னரில் நின்ற பெண் அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இவள் உடம்பைத் திருப்பி நடுக்கோட்டை எட்டப் பார்த்தாள். பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, முழங்கால் மட்டும் உள்பக்கமாக மடங்கியது. முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாம். வீடு வந்து சேர்வதற்குள் முட்டி இருந்த இடமே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

அன்று இரவே எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். உறவினர்கள் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் எண்ணெய் விட்டு நீவி, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துக் கட்டுப் போட்டார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. இப்போது நேராக நன்றாகவே நடக்கிறாள். ஆனால் படி இறங்கும்போதும், யாராவது கூப்பிட்டு சட்டென்று திரும்பும்போதும் முட்டி நழுவுகிறது என்கிறாள். இரண்டு முறை விழப் பார்த்தாள்.

பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தோம். ஏசிஎல் என்கிற முட்டி ஜவ்வு முழுதாகக் கிழிந்திருக்கிறது, முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் உள்பக்க மெனிஸ்கஸிலும் கிழிசல் இருக்கிறது என்று ரிப்போர்ட். ஆர்த்தோ டாக்டர் ஆபரேஷன் செய்வது நல்லது என்கிறார். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். 2022இல் சென்னையில் கால்பந்து ஆடிய கல்லூரி மாணவி ஒருவர் மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனாரே, அந்தச் செய்தி அவர் மனதை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்குக் கல்யாணக் கவலை. அவளுடைய பயிற்சியாளரோ, “முட்டிக்கு நீ-கேப் (முட்டி உறை) மாட்டிக்கொண்டு, ஒரு வலி ஊசி போட்டால் அடுத்த மாதம் ஆடிவிடலாம்” என்கிறார். அடுத்த மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அதில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக முடியும். ரயில்வே, போலீஸ் வேலைக்கெல்லாம் அந்தச் சான்றிதழைத்தான் நம்பியிருக்கிறாள்.

ஆபரேஷன் கட்டாயமா? செய்தால் பழையபடி ஆட முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தேனி வாலிபால்

சகோ, எனக்கும் ஏசிஎல் போய்ப் பல வருடம் ஆகிறது. வாலிபாலில் எகிறி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கியபோது நடந்தது. நான் ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. பிசியோவிடம் ஒழுங்காகப் போய்த் தொடையைப் பலப்படுத்திக்கொண்டேன். இன்றைக்கு சைக்கிள் ஓட்டுகிறேன், மலை ஏறுகிறேன், தோட்ட வேலை செய்கிறேன். முட்டி நழுவுவதில்லை. ஆனால் அதன் பிறகு வாலிபால் கோர்ட்டுக்குள் இறங்கியதே இல்லை. அந்த ஆசையை விட முடிந்ததால்தான் ஆபரேஷன் இல்லாமல் ஓட்டுகிறேன். உங்கள் தங்கைக்கு வயது 19, ஆடுவது கபடி. என் கதையை அப்படியே அவளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

பதில்: திருச்சி பிசியோ

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட். கபடி, கோகோ, தடகளம் என்று ஓடுகிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். உங்கள் தங்கையின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஆகவே ஆபரேஷன் பற்றிய முடிவை அவளைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை இன்றைக்கே சொல்லியாக வேண்டும். அடுத்த மாதப் போட்டியில் அவள் ஆடக் கூடாது. நீ-கேப் போட்டாலும் கூடாது, ஊசி போட்டாலும் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன், இதை அப்பாவுக்கும் பயிற்சியாளருக்கும் படித்துக் காட்டுங்கள். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்கு நடுவில் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்தான் ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளிப் போகாமலும், உடம்பு திரும்பும்போது முட்டி தாறுமாறாகச் சுழலாமலும் அது பார்த்துக்கொள்கிறது. நேர்ப்பாதையில் நடக்க அதன் தயவு அதிகம் தேவைப்படாது. அதனால் வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். படியிறங்கும்போதும் திரும்பும்போதும் நழுவுகிறது என்கிறாளே, அதுதான் உண்மையான நிலவரம். ஒவ்வொரு முறை நழுவும்போதும் இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை போலக் கிடக்கும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. அதில் ஏற்கெனவே கிழிசல் இருக்கிறது. இன்றைக்குத் தைத்துக் காப்பாற்றக்கூடியதாக இருக்கும் கிழிசல், ஒரு போட்டி ஆடி முடித்த பிறகு வெட்டி எடுக்க வேண்டியதாகிவிடலாம். மெனிஸ்கஸை இழந்த முட்டி சீக்கிரம் தேயும். முப்பது வயதில் மூட்டுத் தேய்மானத்தோடு என்னிடம் வருகிற பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நீ-கேப் வெறும் துணி, முட்டி சுழல்வதை அது தடுக்காது. ஊசி போட்டால் வலி தெரியாது, அவ்வளவுதான். உள்ளே கிழிவது கிழிந்துகொண்டேதான் இருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் ஒன்று. ஆட்டத்தில் முட்டி முறுக்கி, உள்ளே சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். சாதாரணச் சுளுக்காக இருந்தால் வீக்கம் மெதுவாக, பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். உடனே வீங்கிய முட்டியை ஏசிஎல் கிழிசல் என்றே சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எலும்பு உடைந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். அனுபவமுள்ள டாக்டர், முட்டியை லேசாக மடக்கி வைத்துக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். லாக்மன் பரிசோதனை என்று அதற்குப் பெயர். எம்ஆர்ஐக்கு முன்பே அதில் பாதி விடை தெரிந்துவிடும். முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். க்ரேப் பேண்டேஜ் சுற்றலாம், காலை உயர்த்தி வைக்கலாம். சூடு வேண்டாம், நீவல் வேண்டாம். கட்டுப் போடுகிற பெரியவர்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை, காலை அசைக்காமல் வைத்தது ஓரளவு நல்லதுதான். ஆனால் புதிதாக வீங்கிய மூட்டை அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும்.

சரி, ஆபரேஷன் கட்டாயமா? எல்லோருக்கும் கட்டாயமில்லை, தேனி அண்ணன் சொன்னது உண்மைதான். ஸ்வீடனில் 121 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2010இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். உடற்பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிப் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்த ஆய்வில் கிடையாது. கபடியில் ஒவ்வொரு ரெய்டும் திரும்புவதும், வெட்டி ஓடுவதும், கால் பிடிபட்ட நிலையில் உடம்பை முறுக்குவதும்தான். அவள் மறுபடி போட்டியில் ஆடப் போகிறாள், முட்டி நழுவுகிறது, மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் சொல்வது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் நாளைக்கே செய்ய வேண்டிய அவசரமும் இல்லை. முட்டி முழுதாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டது போல நின்றுவிட்டால் மட்டும் தாமதிக்கக் கூடாது. மற்றபடி வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, நன்றாக மடங்கி, முன்தொடைத் தசை இறுகத் தொடங்கிய பிறகு செய்தால்தான் நல்லது. விறைத்த முட்டியில் ஆபரேஷன் செய்தால் பிறகும் விறைப்பாகவே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆகவே இன்றிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியின் பின்பக்கம் கீழே இறங்கும்படி காலை நீட்டிப் படுக்க வேண்டும். அப்படியே முன்தொடையை இறுக்கிச் சற்று நேரம் பிடித்து விட வேண்டும். படுத்தபடி காலை மடக்காமல் தூக்கி இறக்க வேண்டும். குதிகாலைத் தரையில் இழுத்து முட்டியை மடக்கி நீட்ட வேண்டும். நிலையான சைக்கிள் கிடைத்தால் மிதிக்கலாம்.

ஆபரேஷனில் கிழிந்த நாரை அப்படியே தைப்பது அபூர்வம். பெரும்பாலும் அவள் காலிலிருந்தே, தொடையின் பின்பக்கத் தசைநாரையோ முட்டிச் சில்லுக்குக் கீழே உள்ள நாரையோ எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். சின்னத் துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்வது. பொருத்திய நார் முதலில் பலவீனமாகி, பிறகு மெதுவாக உயிர்பிடித்து ஜவ்வாக மாறும். ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதம் வரைதான் அது மிகவும் பலவீனமாக இருக்கும் காலம். அதே சமயத்தில்தான் வலி போய், நடை சரியாகி, பிள்ளைகளுக்கு ஓட ஆசை வரும். என் அனுபவத்தில் வீட்டார் அதிகக் கண்காணிப்போடு இருக்க வேண்டிய காலம் அதுதான்.

எப்போது ஆடலாம்? 9 மாதத்துக்கு முன் பேச்சே இல்லை. நார்வேயில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆட்டத்துக்குத் திரும்புவதை 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது தெரிந்தது. 9 மாதம் ஆகிவிட்டது என்பதாலும் திரும்பிவிட முடியாது. காயம்பட்ட காலின் முன்தொடை பலம் மற்ற காலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அப்படியே. தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இதையெல்லாம் அளந்து பார்க்காமல் ‘நன்றாகத்தானே நடக்கிறாள்’ என்று களத்தில் இறக்கினால், அதே காலோ மற்ற காலோ மறுபடி போகும். இளம் வயதுக்காரர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

திரும்ப முடியும் என்பதற்கு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட்டைப் பாருங்கள். 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்கால் மடங்கி ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஆபரேஷன் ஆனது. 2017 மே மாதம் டெல்லியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தப் போட்டியில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர்தான். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பழைய தரத்துக்குத் திரும்பாதவர்களும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் உடற்பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள்.

அப்பாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சென்னை மாணவிக்கு நடந்தது நம் எல்லோரையும் உலுக்கிய விஷயம். ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு இறுகி, காலுக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனதில் தொடங்கியது அது. ஆகவே அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் அவள் கால் விரல்களை அவர் அடிக்கடி தொட்டுப் பார்க்கட்டும். விரல் சில்லிட்டாலோ, வெளுத்தாலோ, நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் கட்டைத் தளர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலை வரை பொறுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். இது சத்தம் போட வேண்டிய இடம். வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், காயத்தில் நீர் வடிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறல் வந்தால் அவசர வண்டி.

பதில்: லெஃப்ட் கார்னர்

அக்கா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நானும் கபடிதான், ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி மாவட்ட அணிக்கு ஆடுகிறவள்.

அண்ணா, முதலில் வீட்டில் கழிவறையைப் பாருங்கள். குத்தவைத்து உட்கார முடியாது. கமோடு ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதும் கொஞ்ச காலம் இல்லை. விடுதியில் இருக்கிறாள் என்றால் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள்.

எங்கள் ஊரில் பிசியோ இல்லை. பஸ் பிடித்துப் போக வேண்டும். தினமும் போக முடியாது என்றதும் அவர் வாராவாரம் புதுப் பயிற்சிகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார், நான் செய்ததை என் தம்பி டிக் போடுவான். ஆபரேஷன் ஆன மறுநாள் காலைத் தூக்கச் சொன்னார்கள், தொடை அசையவே இல்லை. அழுதுவிட்டேன். அது எல்லோருக்கும் நடப்பதுதான், தசை தூங்கிப்போயிருக்கும், திரும்பி வரும் என்று அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

உடம்பு தயாரான பிறகும் பயம் இருந்தது. யாராவது கணுக்காலைப் பிடிக்க வந்தாலே உடம்பு தானாகப் பின்வாங்கும். எங்கள் சார் என்னை நேராக ஆட்டத்தில் விடவில்லை. முதலில் நின்ற இடத்தில் மெதுவாகப் பிடிக்கச் சொன்னார், அப்புறம் நடந்து வரும்போது, அப்புறம் பாதி வேகத்தில். என்னை எப்படிப் பிடிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிடிப்பார்கள். சொல்லாமல் பிடிப்பது கடைசியாகத்தான். உங்கள் தங்கையின் பயிற்சியாளர் உண்மையிலேயே அவளை நம்புகிறார் என்றால், அவர் செய்ய வேண்டியது இதைத்தான்.

கல்யாணம் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: எனக்கு முட்டியில் இருப்பது சின்னச் சின்னத் தழும்புகள்தான். படியில் விழுந்துகொண்டே இருக்கிற கால்தான் கவலைப்பட வேண்டியது.

கேட்டவர்: ஒட்டன்சத்திரம் அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. பிசியோ அக்கா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். விரல் பார்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மதுரையில் இன்னொரு டாக்டரிடமும் காட்டினோம். கால் கடைசிக் கொஞ்சம் நீளவில்லை, அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள், மூன்று வாரம் கழித்துச் செய்யலாம், மெனிஸ்கஸைத் தைக்க முயற்சி செய்கிறேன் என்றார். பயிற்சியாளரிடம் நானே பேசினேன். முதலில் முகம் சுளித்தார், ரிப்போர்ட்டைக் காட்டியதும் சரி என்றார். தங்கை ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுதாள். அணியோடு போட்டிக்காவது போய்வர வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா? டாக்டரிடம் இன்னும் என்ன கேட்க வேண்டும்?

பதில்: திருச்சி பிசியோ

அனுப்புங்கள் தம்பி. அணியை விட்டு ஒதுக்கி வீட்டில் படுக்க வைத்தால்தான் மனம் உடைந்துபோகும். பஸ்ஸில் காலை நீட்டி உட்கார இடம் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கட்டும். புள்ளிக் கணக்கு எழுதட்டும், எதிரணி ரெய்டர்களைக் கவனித்துத் தோழிகளுக்குச் சொல்லட்டும். வார்ம்-அப் என்று சொல்லிக்கொண்டுகூட களத்துக்குள் இறங்கக் கூடாது, அதற்கு அவள் தோழி ஒருத்தியைப் பொறுப்பாக்குங்கள். துண்டு வைத்துக் காலை நீட்டும் பயிற்சி அங்கேயும் நடக்கட்டும். அந்தக் கடைசிக் கொஞ்சம் நீள்வதுதான் இந்த மூன்று வாரத்தின் முக்கியமான வேலை.

டாக்டரிடம் கேளுங்கள்: எந்த இடத்து நாரை எடுக்கப் போகிறார், அது ரெய்டருக்குப் பொருத்தமா? மெனிஸ்கஸைத் தைத்தால் எத்தனை வாரம் ஊன்றுகோல், எத்தனை டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது? தைத்தால் கட்டுப்பாடு அதிகம், ஆனால் அதற்காக வெட்டி எடுக்கச் சொல்லிவிடாதீர்கள், தைக்க முடிந்தால் தைப்பதுதான் அவளுக்கு நல்லது. செலவு என்றால் உள்ளே வைக்கும் ஸ்க்ரூ, பட்டன் விலையும் சேர்த்துக் கேளுங்கள், பல இடங்களில் அதைத் தனியாகச் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அதில் எது வரும் எது வராது என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பிசியோ செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ஆபரேஷனுக்குக் கடன் வாங்கிவிட்டு இரண்டாம் மாதம் பிசியோவுக்குப் பணமில்லை என்று நிறுத்திய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆபரேஷன் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் யார் நல்ல பிசியோ என்று விசாரித்துச் சொல்கிறேன்.